பொட்டு வைத்த புற்று

குளவி கொட்டுகிற இடம் முதுகெலும்புக்கு நாலு விரல் வலப்பக்கம் தள்ளி இருக்க வேண்டும். நடு முதுகில் பட்டால் ஆளுக்குக் கோபம் வருகிறது. ரொம்பத் தள்ளிப்போனால் பக்கத்து சீட்டுக்காரர் இடித்துவிட்டார் என்று நினைத்து அவரை முறைக்கிறார்கள். சரியாக நாலு விரல் தள்ளிக் குத்தினால் முதலில் அலறல், அப்புறம் சிரிப்பு. இதை எந்தப் பாடத்திலும் நான் படிக்கவில்லை. நாற்பத்தெட்டு சீட்டிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து, நாற்பத்தெட்டு முறை குத்து வாங்கிக் கண்டுபிடித்தேன்.

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் ரோட்டில், புத்தலப்பட்டு தாண்டியதும் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது. ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு எல்லாம் முன்னால். பின்பக்கம், மாந்தோப்பை ஒட்டி, எங்கள் பூச்சித் தியேட்டர். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம். உள்ளே வந்து உட்காருகிறவர்களைப் படம் எறும்பு அளவுக்குச் சுருக்கிவிடும். பிறகு திரையில் குளவி வந்தால் சீட்டு முதுகில் குத்தும். வண்டு துப்பினால் முன்சீட்டிலிருந்து முகத்தில் தண்ணீர் அடிக்கும். எறும்புப் படை வந்தால் சீட்டுக்கு அடியில் தொங்கும் மெல்லிய ரப்பர் குழாயில் காற்று பாய்ந்து, அது துள்ளித் துள்ளிக் கணுக்காலைத் தடவும். அந்தக் குழாய்க்கு நாங்கள் வைத்த பெயர் வால். எந்த நொடியில் எது நடக்க வேண்டும் என்று கணினியில் எழுதி வைத்து இயக்குவது என் வேலை.

எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ஸ்ரீசிட்டியில் செல்போன் கம்பெனிக்குப் போகாமல் இங்கே வந்ததில் வீட்டில் எல்லோருக்கும் வருத்தம். எங்கள் ஊர் குடிபாலாவில் எங்களுக்குக் கொஞ்சம் மாமரம் உண்டு. நைனா, அதாவது அப்பா, காலையில் தோளில் மருந்து டேங்க்கை மாட்டிக்கொண்டு தோப்புக்குக் கிளம்பும்போது நான் டிபன் பாக்ஸோடு பஸ்ஸுக்குக் கிளம்புவேன்.

"நான் பூச்சிய ஓட்டறதுக்கு மருந்து அடிச்சிக்கினு கீறேன். நீ டிக்கெட் போட்டு அதையே காட்டிக்கினு கீற. ஒரே வூட்ல ரெண்டு கட்சி" என்பார் நைனா.

"உன் கட்சி தோத்துக்கினே இருக்குது நைனா. என்னோடது ஜெயிக்குது."

உண்மையில் என் கட்சியும் ஜெயிக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

தியேட்டரில் எனக்குத் துணை ஒரே ஒருவர்தான். திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வந்து திருப்பதியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த அண்ணா. கம்ப்ரஸர் அவர் பொறுப்பு. தியேட்டருக்குப் பின்னால் தகர ஷெட்டில் அவர், முன்னால் கண்ணாடி அறையில் நான், நடுவில் வாக்கிடாக்கி. சாதாரணக் காட்சிக்குக் காற்றழுத்தம் ஆறு. சின்னப் பிள்ளைகள் நிறைய வந்தால் "அண்ணா, மூணு" என்பேன், ரெகுலேட்டரைத் திருகிப் பாதியாகக் குறைத்துவிடுவார். திருமலையில் முடி இறக்கிவிட்டு அலிபிரி வழியாகத் திரும்பும் குடும்பங்கள் வேனில் வந்து இறங்கினால் "மொட்டை பார்ட்டி வருது" என்று அவரே முன்கூட்டிச் சொல்வார். கடைசிக் காட்சியில் ஈசல் பறக்கும்போது பின்னாலிருந்து தலையில் காற்றடிக்கும். சந்தனம் காயாத மொட்டைத் தலையில் அந்தக் காற்று பட்டால் வரும் கூச்சலைக் கேட்க வேண்டும். முடி இருக்கிறவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது பூட்ஸ்தான். எட்டாவது நிமிஷம் முடிந்து நாற்பதாவது நொடி. கரையான் புற்றுக்குள் நாம் ராணியின் பக்கத்தில் இருக்கிறோம். மேலே ஒரு நிழல். ஒரு மனிதனுடைய பூட்ஸ். அது புற்றின் மேல் இறங்குகிறது, திரை இருட்டாகிறது, நாற்பத்தெட்டு சீட்டும் ஒன்றாகத் தடாலென்று நாலு அங்குலம் கீழே விழுகின்றன. படத்தோடு வந்த கணக்கில் சீட்டு அரை நொடி தாமதமாக விழுந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து அதைச் சரிசெய்தவள் நான். நிழல் தரையைத் தொடும் அதே கணத்தில் வயிறு மேலே ஏறும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் நான் ஸ்ரீசிட்டி பஸ்ஸில் ஏறவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

இந்தத் தியேட்டர் வாசலில்தான் அந்தப் புற்று இருந்தது. ஃபைபரில் செய்த புற்று, ஆள் உயரம், செம்மண் நிறம், நடுவில் ஒரு பொந்து. பொந்துக்குள் ஒரு ஸ்பீக்கர். ஆபத்து வந்தால் கரையான்களில் காவல்காரக் கரையான்கள் தலையைத் தரையில் தட்டித் தட்டிச் சேதி சொல்லும் என்று படித்திருந்தேன். அந்தச் சத்தத்தைத் தேடிப் பிடித்து, ஸ்பீக்கரில் நாள் முழுக்க மெல்ல ஓடவிட்டேன். சரசரவென்று உள்ளே ஏதோ நகர்கிற மாதிரி இருக்கும். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

ஆயுத பூஜை வந்தது. ஓடுகிற சாமான் எதையும் விடாதே, எல்லாவற்றுக்கும் பொட்டு வை என்றார் மேனேஜர். நான் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கம்ப்ரஸருக்கு வைத்தேன், புரொஜெக்டருக்கு வைத்தேன், என் கணினிக்கு, ஒவ்வொரு சீட்டின் கைப்பிடிக்கும் வைத்தேன். வாசல் ஸ்பீக்கர் மட்டும் பாக்கி. அது பொந்துக்குள் ஆழத்தில் இருந்தது, கை எட்டவில்லை. சரி, எங்கே வைத்தால் என்ன என்று புற்றின் மேலேயே பெரிதாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம் வைத்துவிட்டு வந்தேன்.

வைத்தது ஸ்பீக்கருக்கு. அதை யார் கண்டார்கள்? பொட்டு வைத்த புற்று ஒன்று, உள்ளே சரசரவென்று சத்தம். பார்க்கிறவர்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அடுத்த வெள்ளிக்கிழமை புற்றின் மேல் ஒரு முழம் பூ இருந்தது. அதற்கடுத்த வாரம் மஞ்சள். பிறகு வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்தன. புற்றைக் கடந்துதான் தியேட்டருக்குள் வர வேண்டும் என்பதால் ஜனங்கள் வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார்கள். ஒருவர் கழற்றினால் பின்னால் வருகிறவரும் கழற்றுவார் அல்லவா, அப்படி எல்லோரும். டிக்கெட் கிழித்து உள்ளே அனுப்பும் அக்கா புத்தலப்பட்டுக்காரர். தெலுங்கு அவருக்கு வீட்டுமொழி, தமிழை எங்களோடு பேசிப் பேசிப் பழகிக்கொண்டவர். ஒருநாள் ஒரு குழந்தையின் கணுக்காலைத் தூக்கி என்னிடம் காட்டினார். வால் பட்டுச் சிவப்பாக ஒரு கோடு.

"ஏம்மா, செருப்பு இல்லாத காலும்மா இது. நுவ்வு ஊரிகே சும்மா சும்மா அடிச்சிக்கினே இருந்தா எப்பிடி?"

அன்றிலிருந்து எல்லாக் காட்சிக்கும் மூணுதான்.

இதற்கு நடுவில் இன்னொரு சேதி வந்தது. தியேட்டரில் பாதி சீட்டு காலியாகவே ஓடிக்கொண்டிருந்தது. புற்றைப் பார்க்க நின்றவர்களில் பாதிப் பேர் கும்பிட்டுவிட்டு அப்படியே ராட்டினத்துக்குப் போய்விட்டார்கள். முதலாளி இதை எடுத்துவிட்டுப் பனி அறை போடலாம் என்று யோசிக்கிறாராம். திருப்பதி வெயிலுக்குப் பனி நன்றாக ஓடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தீபாவளிக்குப் பிறகு வரும் நாகுல சவிதி அன்று நாலு மணிக் காட்சியைத் தானே உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகத் தகவல்.

"நுவ்வு கவலைப்படாத. உன்ன டிக்கெட் கவுண்டர்ல போட்டுடறேன்" என்றார் மேனேஜர். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் கவுண்டரில் குளவி கிடையாது, ஈசல் கிடையாது, பூட்ஸ் கிடையாது. அன்று பஸ்ஸில் குடிபாலா வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.

சவிதி அன்று நாகத்துக்குப் புற்றில் பால் ஊற்றுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். இது எனக்குத் தெரியாத விஷயமா? எங்கள் வீட்டிலேயே செய்வார்கள். ஆனாலும் அன்று காலை பார்க்குக்குப் போய் இறங்கியபோது திகைத்துவிட்டேன். புற்றைச் சுற்றிப் பெண்கள். சொம்பில் பால், முட்டை, எள்ளும் வெல்லமும் இடித்த உருண்டை, வாழைப்பழம். செந்நிற ஃபைபர் மேல் பால் வெள்ளையாக வழிந்து பொந்துக்குள் போய்க்கொண்டிருந்தது. பத்து மணிக்குள் என் காவல்காரக் கரையான்கள் அடங்கிப்போயின. ஸ்பீக்கருக்குள் பால் போய்விட்டது.

அண்ணா ஓடிவந்து அந்த வயரைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "இன்னாமா இது, கோயில் கட்டிட்டியே! தேர் எப்போ இழுக்கறது?"

"அண்ணா, சும்மா இருங்க. நாலு மணிக்கு முதலாளி வராரு."

"வரட்டும். பூட்ஸு வுட்டு ஒரு போடு போடு. ஆளு அசந்துடுவாரு."

அதுதான் என் எண்ணமும். எல்லாவற்றையும் பூட்ஸின் மேல்தான் வைத்திருந்தேன். மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு, காலி தியேட்டரில் நாலு முறை அதை ஓட்டிப் பார்த்தேன். நாலு முறையும் கச்சிதமாக விழுந்தது.

மூன்றரை மணிக்கு டிக்கெட் அக்கா கண்ணாடி அறைக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். "ஹவுஸ் ஃபுல்லும்மா. புத்துக்கு பால் ஊத்தினவங்க எல்லாரும் உள்ள வராங்க. ஒண்ணு கேக்கட்டா? உள்ள அந்த பூட்ஸு வந்து புத்த மிதிக்குது இல்ல?"

"ஆமா."

"இன்னிக்குமா?"

"அக்கா, அது படம். படத்துல வர்றது." அவசரத்தில் கொஞ்சம் எரிச்சலாகவே சொல்லிவிட்டேன். அக்கா கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

முதலாளிக்கு வைத்திருந்த ஒன்றைத் தவிர எல்லா சீட்டும் நிரம்பின. முதலாளி வந்தார். வெள்ளைச் சட்டை, ஐம்பது வயசு இருக்கும். வாசலில் கிடந்த செருப்புக் குவியலைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு நடந்து கடைசி வரிசையில் மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

விளக்கு அணைந்தது. இருட்டில் ஜனங்களைப் பார்க்க எனக்கு ஒரு கேமரா உண்டு. சாம்பல் நிறத்தில் எல்லா முகமும் தெரியும். நான் படத்தைப் பார்க்கவே மாட்டேன், முகங்களைத்தான் பார்ப்பேன். குளவி கொட்டியது, அலறினார்கள், சிரித்தார்கள். வண்டு துப்பியது. ஒரு பாட்டி தண்ணீரைத் துடைத்துக்கொண்டே வண்டைத் திட்டினார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஏழாவது நிமிஷத்தில் திரையில் புற்று வந்தது.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண். பக்கத்தில் அவள் குழந்தை. புற்று வந்ததும் குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்துச் சேர்த்தாள். பிறகு தன் கைகளையும். பக்கத்து சீட்டிலும் கைகள் சேர்ந்தன. அதற்குப் பின் வரிசையிலும். யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை. கேமராவில் சாம்பல் நிறமாகக் கூப்பிய கைகள், ஒன்று இரண்டு ஆனது, இரண்டு இருபது ஆனது.

எட்டு நிமிஷம் பத்து நொடி.

அந்த முப்பது நொடியை இப்போது நினைத்தாலும் நீளமாகத்தான் இருக்கிறது. மூன்று வாரம் உட்கார்ந்து சரிசெய்த பூட்ஸ். முதலாளியை அசத்தப்போகிற பூட்ஸ். இதோ இந்தக் கைகளின் மேல்தான் அது இறங்கப்போகிறது. படம்தானே என்று அக்காவிடம் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. படம் என்றால் இவர்கள் ஏன் கும்பிடுகிறார்கள்? பொட்டு வைத்தது நான். செருப்பைக் கழற்ற வைத்தது நான். இப்போது மிதிக்கப்போவதும் நானா?

எட்டு நிமிஷம் முப்பத்தெட்டாவது நொடியில் நிறுத்தினேன்.

திரையில் புற்று அப்படியே உறைந்து நின்றது. நாற்பத்தெட்டு பேரும் காத்திருந்தார்கள். கடைசி வரிசையில் மேனேஜர் என் கண்ணாடி அறைப் பக்கம் திரும்புவது தெரிந்தது. ஏதாவது செய்தாக வேண்டும். சீட் பெல்ட் அறிவிப்புக்கு வைத்திருந்த மைக் கைக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"யாரும் பயப்படாதீங்க. நான் இந்தப் புத்தோட ராணி பேசறேன்."

குரல் நடுங்கியது. நல்லவேளை, ராணிக்கு வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று என்று மாற்றி மாற்றிச் சொன்னேன்.

"வெளில நீங்க ஊத்தின பாலு உள்ள வந்து சேந்துச்சு. ரொம்ப சந்தோஷம். கொஞ்சம் அதிகம்தான். வூட்ல முழங்கால் அளவு நிக்குது."

ஒரு சிரிப்பு. அப்புறம் பல சிரிப்பு. வண்டைத் திட்டிய அந்தப் பாட்டி சத்தமாகவே கேட்டார், "முட்ட வந்துச்சா?"

"வந்துச்சு ஆயா. உடையாம வந்துச்சு. இப்போ இன்னான்னா, என் பசங்க ஸ்கூல் வுட்டு வராங்க. உங்க கால் சந்துலதான் அவங்களுக்கு வழி. மிதிச்சிடாம எல்லாரும் கொஞ்சம் கால தூக்கிக்கறீங்களா?"

மைக்கை மூடிக்கொண்டு வாக்கிடாக்கியில், "அண்ணா, இன்னும் கொறைங்க. ஒண்ணு" என்றேன்.

"ஒண்ணா? வால் அசையவே அசையாதும்மா!"

"லேசா அசைஞ்சா போதும்ணா."

கேமராவில் பார்த்தேன். நாற்பத்தெட்டு பேர், தொண்ணூற்றாறு வெறுங்கால்கள், எல்லாம் அந்தரத்தில். பெரியவர்கள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூக்கினார்கள். கால் தரையில் எட்டாத குழந்தைகளும் தூக்கினார்கள். வாலுக்குக் காற்றைத் திறந்தேன். அடிக்கவில்லை, சும்மா உரசியது. ஏதோ நிஜமாகவே கீழே வரிசையாகப் போகிற மாதிரி. ஒரு நிமிஷம் அப்படியே. மூன்றாவது வரிசைக் குழந்தை குனிந்து, இருட்டில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

"போய்ட்டாங்க. கால கீழ வெச்சிக்கோங்க. நல்லா இருங்க" என்றேன். படத்தை பூட்ஸுக்கு அந்தப்பக்கம் தள்ளி, அடுத்து வரும் மழைக் காட்சியிலிருந்து ஓடவிட்டேன். ஈசல் பறந்தது. மொட்டைத் தலைகளில் காற்றடித்தது. கூச்சல்.

விளக்கு போட்டதும் மேனேஜர் வேகமாக வந்தார், பின்னால் முதலாளி மெதுவாக.

"பூட்டு எக்கட?" என்று கேட்டார் முதலாளி. பூட்ஸ் எங்கே என்கிறார். ஏற்கனவே பார்த்திருக்கிறார் போல.

"நிறுத்திட்டேன் சார்."

"மிஷின் ரிப்பேரா?"

ரிப்பேர் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். வாயில் வரவில்லை. "இல்ல சார், மிஷின் நல்லாத்தான் இருக்குது. வெளில பால் ஊத்திட்டு வந்து உக்காந்திருந்தாங்க. கும்பிட்டாங்க. அதுக்கு மேல மிதிக்க எனக்குக் கை வரல."

"மொதல்ல அந்தப் புத்துக்குப் பொட்டு வெச்சது யாரு? அத சொல்லு" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார். ஸ்பீக்கருக்கு வெச்சேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு தன் வெறுங்காலைப் பார்த்தார். "நேனு கூட காலு எத்தேசானு" என்றார். நானும் காலைத் தூக்கிவிட்டேன் என்று. சொல்லிவிட்டு அவரே சிரித்தார், கொஞ்சம் வெட்கத்தோடு. போகும்போது மேனேஜரிடம் இரண்டு விஷயம் சொன்னார். ராணி தினமும் பேசட்டும். பூட்ஸ் வேண்டாம்.

பனி அறை இப்போது ராட்டினத்துக்கு அந்தப்பக்கம் வந்திருக்கிறது. தியேட்டர் அப்படியே இருக்கிறது. வாசலில் செருப்பு வைக்க ஒரு ஸ்டாண்டு போட்டிருக்கிறார்கள். ஸ்பீக்கரைப் புற்றிலிருந்து எடுத்துச் சரிசெய்து மாமரத்தில் கட்டிவிட்டோம். பால் ஊற்றுகிறவர்களுக்குப் புற்றின் முன்னால் ஒரு பித்தளைத் தாம்பாளம் இருக்கிறது. டிக்கெட் அக்காதான் அதைக் கழுவுகிறார். அவரிடம் நான் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "நீங்க கேட்டது சரிதாங்க்கா" என்று மட்டும் சொன்னேன். "தெலுசு" என்றார். தெரியும் என்று அர்த்தம்.

ஒரு நாளைக்கு ஏழு காட்சி, ஏழு தடவை ராணி பேச வேண்டும். பதிவு செய்து போட்டுப் பார்த்தோம், ஜனங்கள் காலைத் தூக்கவில்லை. ஆள் பேசினால்தான் தூக்குகிறார்கள். அதனால் எனக்கு லீவு எடுப்பது கஷ்டமாகிவிட்டது. எங்கேயும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இப்போது இருமல் வந்தால் தியேட்டரே நிற்கிறது. நைனா வெந்நீரில் மிளகு போட்டு பாட்டிலில் ஊற்றித் தருகிறார். "உன் கட்சிக்காரங்க உன்ன நல்லா வேல வாங்கறாங்க" என்கிறார்.

தினமும் காலை, கதவு திறப்பதற்கு முன்னால், எல்லா சீட்டையும் சோதிக்க வேண்டும். அது விதி. குளவி, வண்டு, வால், காற்று. கடைசியாக சீட்டு விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அண்ணா அதற்கு மட்டும் ஷெட்டிலிருந்து உள்ளே வந்து என் பக்கத்தில் உட்காருவார். யாருமில்லாத தியேட்டர். நிழல் மேலேயிருந்து இறங்கும். திரை இருட்டாகும். தடாலென்று நாலு அங்குலம். அரை நொடிகூடத் தாமதமில்லை, வயிறு மேலே ஏறும்.

"சும்மா சொல்லக்கூடாது, ஷோக்கா விழுது" என்பார் அண்ணா.

"ஆமாண்ணா" என்பேன். பிறகு எழுந்துபோய்க் கணினியில் பூட்ஸுக்கான அந்த ஒரு வரியை மட்டும் அணைத்துவிட்டு, செருப்பை வெளியே ஸ்டாண்டில் வைத்துவிட்டு வந்து, கதவைத் திறக்கச் சொல்லி அக்காவுக்குக் குரல் கொடுப்பேன்.